வலக்கை பரவாயில்லை

முடக்குவாதத்தால் என் கணவருக்கு இரண்டு கைகளும் ஒன்றாகவே வீங்கும், ஒன்றாகவே நோகும். பொருளாதாரத் தடையால் வல்வெட்டித்துறைக்கு மாத்திரை வராத காலம் அது. நொச்சியிலை ஒத்தடம்தான் மருந்து.

ஒருநாள் காலை, "இண்டைக்கு இடக்கைதான் நோகுது. வலக்கை பரவாயில்லை" என்றார்.

"ஒரு கைக்கெண்டாலும் சுகம் வந்திட்டுதப்பா" என்றேன்.

வலக்கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே தூக்கிக் காட்டினார். இருவரும் சிரித்தோம். இடத் தோளுக்கு நான் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோதே என்மேல் சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் மெதுவாகச் சொன்னார்: "அது மூட்டு நோ இல்லை அம்மா, மாரடைப்பு. முடக்குவாதம் கனகாலம் இருந்தா இருதயத்தையும் பழுதாக்கிப்போடும்."

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அன்று காலை நாங்கள் சிரித்ததை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.