நான் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

மகள் தினமும் சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் காரில் வேலைக்குப் போகிறாள். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு எரிவதாக ஒரு வாரமாகச் சொன்னாள். "பிரேக் பிடிக்குதில்ல? போயிட்டு வாம்மா" என்று அனுப்பினேன். நேற்று மழையில், புத்தலப்பட்டு அருகே அவள் பிரேக்கை அழுத்தியதும் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் வழுக்கிப் போய் ஒரு லாரிக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது.

இன்று மெக்கானிக் காரில் பழுது காட்டும் ஸ்கேனரை மாட்டினார். இன்ஜின் பதில் தந்தது; ஏபிஎஸ் மட்டும் பேசவில்லை. அதன் ஒயர் இணைப்பைக் கழற்றினார். உள்ளே பச்சைக் களிம்பு, மஞ்சள் கறை.

"யாரு சார் இதுல மஞ்சத் தண்ணி ஊத்தனது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு."

"மேல பொட்டு வெச்சா சாமி ஒத்துக்காதா சார்?"

"நைனாவை விடுங்க" என்றாள் மகள், என்னைக் காட்டி.

அன்று பானெட்டைத் திறந்து ஊற்றும்போது, அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.