சீர் கேட்கும் பொத்தான்

மனு ஒன்று கைக்கு வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் முடியாது என்பதையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்கு உள்ள விதி இது. பணிக்காலம் முழுவதும் இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. அவர்கள் நம் வீட்டில் உட்கார்ந்து, பலகாரம் சாப்பிட்டு, "கலந்துக்கிட்டுத் தகவல் சொல்றோம்" என்று எழுந்து போகலாம். யாரோடு கலக்கிறார்கள், எத்தனை மாதம் கலக்கிறார்கள் என்று கேட்க எந்த மேல்முறையீட்டு அதிகாரியும் கிடையாது.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கைபேசி விளையாட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனி. விளையாட்டுக்குள் வரும் ஆட்கள் பேசுவதைத் தமிழில் எழுதுவது அவள் பொறுப்பு. அதிலும் காதல் பகுதி முழுக்க அவளுடையது. முதல்முறை சொன்னபோது, விளையாட்டுக்குள் எதற்குக் காதல் என்று கேட்டேன்.

"மெயின் கதை கெணறு தோண்டுறதுப்பா. அதையே நாள் பூரா எவன் தோண்டுவான்? நடுவுல யாராவது ஒருத்தர் நம்மள ஏறிட்டுப் பாக்கணும்ல" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கிணறு என்பது கோப்பு. காதல் என்பது இணைப்பு. கோப்பைப் படிக்காதவர்கள்கூட இணைப்பைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

என் கைபேசியிலும் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். மழை பொய்த்த ஓர் ஊருக்கு விளையாட்டை ஆடுகிறவன் வந்து சேர்கிறான். கண்மாயைத் தூர் வாருகிறான், கிணறு வெட்டுகிறான், மிளகாய் போடுகிறான், அப்புறம் மழை பெய்கிறது. ஊரில் நாலு பேர் அவனைக் காதலிக்கக்கூடும். அவர்களில் மசியாதவள், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ஒருத்தி. அவளுக்குப் பூ கொடுத்தால், "இத எந்த மோட்டார்ல மாட்டுறது?" என்பாள். கடையில் கூடமாட நின்று வேலை செய்தால் திரையின் மேல்மூலையில் ஓர் இதயம் கூடும். இதயம் பத்தானால் கல்யாணம்.

வறண்ட பரளச்சிப் பக்கம் ஐந்து வருடம் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஊரில் மழை மட்டும்தான் கற்பனை. மற்றதெல்லாம் சரியாகவே இருந்தது.

மகளுக்கு அப்போது முப்பத்தொன்று. அதற்கு முன் வந்து பார்த்தவர்கள் வயதைச் சொல்லிப் போனார்கள், வேலையைச் சொல்லிப் போனார்கள், ஒருவர் எங்கள் தெருவில் தண்ணீர் உப்பு என்று சொல்லிப் போனார். அவளும் யாரையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருவாள், சேலை கட்டுவாள், மறுநாள் காலை பஸ் ஏறிவிடுவாள்.

தை மாதத்தில் வந்த இடம் அப்படி இல்லை. பையன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அப்பாவுக்குப் பந்தல்குடியில் மிளகாய் வற்றல் மண்டி. தரகர் என்னுடன் பள்ளியில் படித்தவர், நம்பலாம் என்றார். என் மனைவி முந்தின நாளே எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள்: வேலை என்னவென்று கேட்டால் ஐ.டி. என்று மட்டும் சொல்ல வேண்டும், மேற்கொண்டு விளக்கம் கூடாது.

நான் விளக்கவில்லை. பையனும் பெண்ணும் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினோம். இறங்கி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு மிச்சம் இருந்தது. பையன் நேரே தன் அப்பாவிடம் போய், "அப்பா, நான் பஸ்ஸுல வாரப்ப ஆடிக்கிட்டே வந்தேன்ல, அந்த கேமு இவுக எழுதுனதாம்" என்றான். என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? ரகசியம் வேறு வழியாகக் கசிந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

மண்டிக்காரர் ஆர்வமாகக் கையை நீட்டினார். பையன் தன் கைபேசியைக் கொடுத்தான். திரையில் காயில் கட்டும் கடைக்காரி. தலைக்கு மேல் ஏழு இதயம். பையன் பல நாளாகப் பூ கொடுக்காமல், வாயைக் கட்டி, செம்புக் கம்பி சுற்றிச் சேர்த்தது. கீழே மூன்று பொத்தான்கள். மண்டிக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ரேஷன் கடை அறிவிப்பை வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார்: மழையைப் பற்றிப் பேசு. கடையில் உதவி செய். சீர்வரிசை பற்றிக் கேள்.

"இதத்தானப்பா மொதல்ல கேக்கணும்" என்று மூன்றாவதை அழுத்தினார்.

பையன் தடுக்கக் கையை நீட்டினான். நேரம் இல்லை. ஏழு இதயமும் ஒவ்வொன்றாக அணைந்தது. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரில் கல் விழுகிற சத்தம். கடைக்காரி ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "நகைக்கடை டவுன்ல இருக்கு. அடுத்த பஸ்ஸு அஞ்சரைக்கு. ஓடுனீகன்னா பிடிச்சிரலாம்."

கூடம் சிரித்தது. பையன்தான் அதிகம் சிரித்தான். ஏழு இதயம் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மண்டிக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்து, கைபேசியைக் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"நல்லா எழுதுறீக தாயி. யார மனசுல வச்சு எழுதுனது?"

"யாரையும் இல்லீங்க மாமா" என்றாள் என் மகள். "ஆடுறவுகள்ல முக்காவாசிப் பேரு மொதல்ல அந்தப் பொத்தானத்தான் அழுத்துறாக."

உள்ளதைத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு மிளகாய் விலை, திருச்சுழி ரோட்டில் புதிதாகப் போட்ட பாலம் என்று பேசினோம். பெண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை அவர் சட்டைப்பையில் மடித்துத்தான் கொண்டுவந்திருப்பார். அதை எடுக்க அன்றைக்கு இடம் இல்லாமல் போயிற்று. கலந்துகொண்டு தகவல் சொல்வதாகக் கிளம்பினார்கள்.

அன்று மாலை மகள் பையில் துணி அடுக்கும்போது பையன் எப்படி என்று அவள் அம்மா மெதுவாகக் கேட்டாள். "பரவால்லம்மா" என்றாள். அவள் அகராதியில் அதற்கு மேல் சொல் இல்லை. என் மனைவி அன்றைக்கே எந்த மண்டபம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு ஒன்றும் வரவில்லை.

அலுவலகமாக இருந்தால் எனக்கு வழி தெரியும். முதலில் ஒரு நினைவூட்டு. அதற்குப் பதில் இல்லையென்றால் இரண்டாவது நினைவூட்டு, இந்த முறை முதல் நினைவூட்டின் நகலோடு. அதற்கும் அசையாவிட்டால் அதிகாரியின் பெயருக்கே நேர்முகக் கடிதம். அதில் "தங்கள் தனிக்கவனத்துக்கு" என்று ஒரு வரி சேர்த்தால் நாற்காலியே சுடும். மாசி கடைசியில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தரகரைப் பிடித்து, ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாமா என்றேன்.

"பொண்ணு வீட்டுக்காரவுக போயிக் கேக்கவா? வெவரம் தெரிஞ்ச ஆளுதானா நீ? கேட்டோம்னா நம்ம சரக்கு வெல எறங்கிரும்டா" என்றார்.

பள்ளியில் என் கணக்கைப் பார்த்து எழுதியவன். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பங்குனியில் சிவகாசியிலிருந்து இன்னொரு இடம் வந்தது. பந்தல்குடிப் பதிலை எதிர்பார்த்து என் மனைவி அவர்களிடம் ஜாதகம் எங்கோ வைத்துவிட்டோம் என்றாள், பிறகு எனக்குக் கண் ஆபரேஷன் என்றாள். அவர்கள் என் கண் ஆறும்வரை பொறுக்கவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவாள். போர்வெல்லில் தண்ணீர் வருகிறதா, அம்மா முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாளா என்று கேட்டுவிட்டு, கடைசியில், "வேற ஒண்ணும் இல்லையேப்பா" என்பாள். வேறு ஒன்றும் இல்லை என்பேன். இரண்டு பேரும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பஸ் பயணம். அந்தப் பையனுக்கு அவள் கம்பெனி பெயரும் தெரியும்.

அந்த மாதங்களில் நான் விளையாட்டை விடாமல் ஆடினேன். காதல் பகுதியில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். எதை அழுத்தினாலும் அந்தக் கடைக்காரி ஏதாவது சொன்னாள். திட்டினாள், கிண்டல் செய்தாள், "இப்ப கைவேலையா இருக்கேன், நாளைக்கு வாங்க" என்றாள். ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலும், "காது நல்லாத்தான் கேக்குது" என்றாள். இதை மகளிடம் சொன்னபோது, கம்பெனியில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், நாள் முழுக்க எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பார்கள், எங்காவது பதில் வராவிட்டால் அதைப் பிழை என்று பதிவு செய்து அன்றைக்கே திருப்பி அனுப்புவார்கள் என்றாள். காதலில் பதில் இல்லாமல் ஒருவரை நிற்க வைப்பது பிழை என்று எங்கோ ஓர் இடத்திலாவது எழுதி வைத்திருக்கிறார்கள்.

சித்திரை விடுமுறைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ஆடுகிறவர்கள் புகார் செய்கிறார்களாம். சீர் கேட்டதும் எல்லா இதயமும் போய்விடுகிறது, இதென்ன அநியாயம் என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு விளையாட்டையே அழித்துவிட்டுப் போகிறார்களாம். அதனால் அதை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார்கள். இனி அந்தப் பொத்தானை அழுத்தினால் இதயம் குறையாது, இரண்டு கூடும்.

ஆட்சேபணை தெரிவிக்கவில்லையா என்று கேட்டேன்.

"எழுத்துலயே குடுத்தேன்ப்பா. கட்டவிரலு படம் ஒண்ணு போட்டாக. பாத்துட்டாகளாம்."

"இப்ப அவ என்ன சொல்றா?"

மகள் தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். "'எங்களால முடிஞ்சதக் கொறைவில்லாமச் செய்வோம்'னு சொல்றா."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெண் பார்க்க வந்து சீர் கேட்ட ஒவ்வொரு வீட்டாரிடமும் என் மனைவி சொன்ன வாக்கியம் அது, எழுத்துப் பிசகாமல். மகள் ஒவ்வொரு தடவையும் உள்ளறையில் சேலையோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. மசியாத ஒருத்தி மசிந்த பிறகு அந்த ஊரில் எனக்கு என்ன வேலை? கிணறு வேண்டுமானால் அவர்களே வெட்டிக்கொள்ளட்டும்.

வைகாசி, ஆனி போயின. ஆடியில் யாரும் எதுவும் பேசமாட்டார்கள் என்பதால் என் மனைவிக்கு அந்த ஒரு மாதம் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வராத பதிலுக்கு ஒரு காரணம் கிடைத்த மாதம்.

ஆவணி பிறந்ததும் ஒருநாள் காலையில் தரகர் வீட்டுக்கே வந்தார். கையில் வெற்றிலை, பழம். உட்கார்வதற்குள் சொல்லிவிட்டார்: அவர்களுக்குச் சம்மதம், இந்த மாதமே பேசி முடித்துவிடலாம், பத்திரிகையில் மட்டும் பெண்ணுக்கு ஐ.டி. என்று போட்டுக்கொள்ள வேண்டும். என் மனைவி முழங்காலை மறந்து காபி போட ஓடினாள்.

இத்தனை மாதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மண்டிக்காரருக்கு மனத்தாங்கல்டா. தன்னத்தான் அந்த வெளையாட்டுல வச்சு எழுதிட்டாகன்னு. ஊரெல்லாம் அத அழுத்தி அழுத்திச் சிரிக்கிதுன்னு நெனச்சுக்கிட்டாரு. இப்ப அத மாத்திட்டாகளாமே? பையன் பாத்துட்டு வந்து அவுக அப்பாட்ட சொல்லியிருக்கான். நம்ம பக்கம் எறங்கி வந்துட்டோம்னு அவருக்கு மனசு ஆறிருச்சு."

பெங்களூரில் ஒரு கம்பெனி ஒற்றை நட்சத்திரத்துக்குப் பயந்து செய்த திருத்தத்தைப் பந்தல்குடியில் ஒரு மண்டிக்காரர் மன்னிப்புக் கடிதமாக வரவு வைத்துக்கொண்டார். அதை மறுத்து விளக்கம் எழுதலாம். யாருக்கு எழுதுவது?

மகளை அழைத்தோம். என் மனைவி கைபேசியை நடுவில் வைத்தாள். தரகர் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். 

"அப்ப இத்தன நாளும் அவர் ஆடிக்கிட்டுத்தான் இருந்திருக்காரா?" என்று கேட்டாள்.

"ஆமா தாயி. விடாம ஆடுறானாம்" என்றார் தரகர், அது ஒரு சிபாரிசு என்று நினைத்து.

"தெனமும் நான் எழுதுனதப் படிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. எனக்கு ஒரு வார்த்த எழுதல." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "வேண்டாம்ப்பா."

அவசரப்படாதே, ஒருநாள் இருந்து யோசித்துச் சொல் என்று அவள் அம்மா கெஞ்சினாள். வயதைச் சொன்னாள், தன் முழங்காலைச் சொன்னாள், மாடியிலிருந்து இறங்கி வந்தபோது இருந்த சிரிப்பைக்கூடச் சொன்னாள்.

"இல்லம்மா. அவுகளக் காக்க வைக்க வேண்டாம். இன்னைக்கே சொல்லிரச் சொல்லுங்க" என்றாள். ஒரு மீட்டிங் இருக்கிறது, மாலையில் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

தரகர் காபியைக் குடித்து முடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். காரணம் கேட்பார்களே என்றார். பையனுக்குத் தெரியும் என்றேன். வெற்றிலை, பழத்தை எடுத்துக்கொண்டு போவதா வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் வாசல்வரை கையில் பிடித்துக்கொண்டே போனார். தை மாதம் போன மனுவுக்கு அவர்கள் பதில் வந்ததும், எங்கள் பதில் போனதும் அன்றுதான், ஆவணி முதல் வெள்ளிக்கிழமை.