கொடியில் காய்ந்த துணி

தெருவில் எல்லோருக்கும் அவள் மாத்திரை அக்கா. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், அங்குள்ள சின்னக் குழந்தைகளுக்கும் வந்துவிடாதபடி தினமும் தடுப்பு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டுவது அவள் வேலை.

அன்று ஒரு தாய் குழந்தையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இந்த மாத்திரைக்கு மூத்திரம் சிவப்பாப் போகும், பயப்படாதேன்னு சொன்னேனே!" என்றாள் அக்கா.

"எனக்கென்னக்கா பயம்? கொடியில கறைத் துணியப் பாத்துட்டு வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்றாங்க. ஊர் வாய மூட உலைமூடி இருக்கா?"

"துணிய எங்கிட்ட குடு. எங்க வீட்டுல துவைச்சுக் காயப்போடுறேன். கைய எடும்மா."

தாய் கையை எடுத்தாள். குழந்தை முகம் சுளித்து விழுங்கியது.

மறுநாள் காய்ந்த துணிகளோடு போனால் கதவில் பூட்டு.

"நேத்தே அனுப்பிட்டேன்" என்றாள் வீட்டுக்காரி. "சீக்குப் புடிச்ச புள்ளைய எத்தனை நாள் வெச்சிருக்கிறது?"

"அதுக்குச் சீக்கே இல்லம்மா! வராம இருக்கத்தான் மாத்திரை குடுத்தேன். எங்க போனாங்க?"

"யாரு கேட்டா?"

நோயில்லாத குழந்தையை நோய்க்குப் பயந்து துரத்திய தெரு, அதன் மருந்தையும் பிடுங்கிக்கொண்டது. அவள் அடுத்த தெருவுக்கு ஓடி முதல் கதவைத் தட்டினாள்.

"கைக்குழந்தையோட யாராவது குடிவந்தாங்களா?"