லிஃப்ட் சோதனை

அவளுடைய அப்பா டவர் ஏறிய பொறியாளர். ஒரு கைபேசி நிறுவனத்துக்காகப் பதினோரு வருஷம் சிக்னல் அளந்தவர். எந்தத் தெருவில் அது அறுந்துபோகும் என்பது அவருக்கு அத்துப்படி. ஒருநாள் வேலையை உதறிவிட்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்தார். சிக்னல் அறுந்தால் செய்தியைப் பிடித்துவைத்து, திரும்பி வந்ததும் அனுப்பும் செயலியை எழுதினார். "நல்ல சம்பளத்தை விட்டுட்டு இது என்னய்யா பைத்தியக்காரத்தனம்?" என்றார்கள் உறவினர்கள். செயலி பிழைத்தது. அறை, நான்காம் மாடி அலுவலகமாயிற்று.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. சிக்னல் அறுந்துபோகும் லிஃப்டில் ஏறி இறங்கிச் சோதிக்காமல் செயலியின் எந்தப் பதிப்பும் வெளியே போகாது. ஒவ்வொரு முறையும் அப்பா எழுந்து, "டேய் சுருட்டை, வாடா" என்பார். முதல் ஊழியன் அவன், சுருள்முடிக்காரன். மகளும் அதே படிப்புதான் படித்தாள், அதே அலுவலகத்தில்தான் ஆறு வருஷம் உட்கார்ந்தாள். ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது உள்ளே இருவரும் சிரிப்பது கேட்கும். அவளுக்கு வயிறு எரியும்.

அப்பா இறந்துபோன பதினாறாம் நாள், அவர் முடித்துவைத்த கடைசிப் பதிப்பைத் தானே அனுப்பிவிட நினைத்தாள். இரண்டு கைபேசிகளோடு தனியாக ஏறி இறங்கினாள். எல்லாம் சரியாகவே போயிற்று.

சுருட்டை நாற்காலியைத் திருப்பினான். "வைஃபையை அணைச்சியா, பாப்பா?"

அவள் கைபேசியைப் பார்த்தாள். வைஃபை அணைக்காமலே இருந்தது.

"நம்ம வைஃபை அடித்தளம் வரைக்கும் ஒழுகும். போன் அதைத்தான் பிடிச்சிருக்கும். சார் முதல்ல அதைத்தான் அணைப்பாரு."

அணைத்துவிட்டு இருவரும் ஏறினார்கள். அடித்தளத்தில் சிக்னல் போயிற்று. மேலே வந்ததும் ஒரே செய்தி இரண்டு தரம் போய்ச் சேர்ந்தது.

"ரெண்டு தரம் போகுதோன்னு சாருக்குச் சந்தேகம் இருந்துச்சு" என்றான்.

"என்கிட்ட சொல்லலையே."

"நீ அவர் எழுதினதை எப்பவும் சரின்னுதான் சொல்லுவியாம். நான் குறை சொல்லுவேனாம்."

அது அவளைச் சுட்டது. உண்மை என்பதால் இன்னும் சுட்டது.

பிழையைப் பிடிக்க நான்கு நாள் ஆயிற்று, பிடித்தது அவள்தான். சுருட்டை விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான். "நீயே அனுப்பு."

அனுப்பினாள். பிறகு கேட்டாள்: "லிஃப்ட்ல அப்படி என்னதான் சிரிப்பீங்க?"

"ஞாபகமில்ல பாப்பா. ஏதாவது."

மறக்கும் அளவுக்கு அவனிடம் அந்தச் சிரிப்பு நிறைய இருந்திருக்கிறது.