இரண்டெழுத்தில் நான்கெல்லை

செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்புவது எங்கள் தொழிலில் பாதிதான். ஒருவர் தன் கைக்கு ஏற்றபடி செய்து வைத்த அமைப்புகளைப் புதுக் கம்ப்யூட்டரில் குடியேற்றுவது மீதிப் பாதி, உயிரை வாங்குவதும் அதுதான். போன் மாற்றிய அன்று பழைய கீபோர்டு கிடைக்காமல் பல்லைக் கடித்தவர்களே, ராமநாதபுரத்தில் உங்களுக்கு ஒரு கூட்டாளியாக நான் இருக்கிறேன்.

வரப்பில்லாத கோப்பு

வாலிநோக்கத்தில் ஓர் உப்பளத்து எடைமேடை. ரசீது எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பை என் லினக்ஸ் லேப்டாப்பில் திருத்தி, அவர்களுடைய பழைய விண்டோஸில் வைத்தேன். லினக்ஸில் வரி முடிவதற்கு ஒரு குறி, விண்டோஸில் வேறு குறி. தெரிந்தும் மறந்துவிட்டேன். திறந்து பார்த்தால் எல்லா வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக நிற்கிறது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மேஸ்திரி சொன்னார்: "ஏன் தம்பி, வரப்பையெல்லாம் வெட்டி விட்டுட்டு ஒரே பாத்தியா ஆக்கிப்புட்டீகளே!"

அக்காவின் கோப்பு

முத்துலட்சுமி அக்கா பத்திரம் எழுதும் ஆபீஸில் டைப்பிஸ்ட். பஸ் கதவில் நசுங்கியதிலிருந்து வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அதனால் ஒரு கோப்பு சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு வாசகத்துக்கும் இரண்டெழுத்து. அதைத் தட்டினால் போதும், நிலத்தின் நான்கெல்லையில் எது இருக்கிறதோ அது முழுதாக வந்து நிற்கும்.

ஆபீஸ் விண்டோஸ் ஒருநாள் படுத்துவிட்டது. கோப்பை மீட்டுவிட்டேன். ஆனால் புதிதாக வந்தது லினக்ஸ். வீட்டில் மகள் கொடுத்த மேக். ஒவ்வொன்றும் அதே கோப்பை வேறு விதமாக எழுதச் சொல்லும். திங்கட்கிழமை முகூர்த்த நாள், பத்திரம் குவியும். அதற்குள் அக்கா பழையபடி அடிக்காவிட்டால் வேறு ஆள் போடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அக்கா சொன்னது இவ்வளவுதான்: "பெட்டி போனாப் போகுது தம்பி. கோப்பு போனா நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

மேற்கெல்லையில் சோறு

சனிக்கிழமை புதுக் கம்ப்யூட்டரில் முதலில் என் சொந்தக் கோப்பைப் போட்டுச் சோதித்தேன். பிறகு அக்காவுடையதைச் சேர்த்தேன். என்னுடையதை எடுக்க மறந்தேன். இரண்டு கோப்பிலும் 'கக' இருந்தது. அக்காவுக்கு அது கண்மாய்க்கரை. எனக்கு, கடை கட்டும்போது தினமும் மனைவிக்கு அனுப்பும் செய்தி.

முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மகளுக்கு நிலம் எழுதி வைக்க வந்திருந்தார். அச்செடுக்குமுன் அக்கா வழக்கம்போல் வாசித்துக் காட்டினார்: "கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே சோறு எடுத்து வையி, வந்துக்கிட்டே இருக்கேன்..." பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்: "மேக்கால கம்மாக்கரையில்ல இருக்கு! அங்கன யாருக்குத் தாயி சோறு?"

திங்கட்கிழமை

என் கோப்பை அந்த நிமிஷமே தூக்கிவிட்டேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், பக்கத்து மேஜையில் ஓர் இளம்பெண்ணை முதலாளி உட்கார வைத்திருந்தார். அந்தப் பெண் பத்து விரலாலும் படபடவென்று அடித்தது. அக்கா இரண்டெழுத்தைத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வார். மதியத்துக்குள் அக்கா ஏழு பத்திரம் முடித்தார், அந்தப் பெண் மூன்று.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அந்தக் கோப்பை இந்தப் பிள்ளைக்கும் போட்டு விடுங்க" என்றார். அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டேன். அந்தப் பெண் எதை எதையோ தட்டியது. விற்பவர் பெயர் வரவேண்டிய இடத்தில் கிணறும் பம்புசெட்டும் வந்தன. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு முதலாளியிடம் சொன்னது: "கோப்பை எனக்குப் போட்டுட்டாக சார். அக்கா ஞாபகத்த யாரு போடுவாக?"

அக்காவின் வேலையைக் காப்பாற்றியது அக்காதான் என்றாலும், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றையும் ஒத்துப்போக வைத்த கெட்டிக்காரன் என்று பஜாரில் பேசிக்கொண்டபோது நான் யாரையும் மறுத்துப் பேசவில்லை.