மூன்றாம் ஓலை

எங்கள் மாதா கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படிப்பார். யாரும் எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை. என் அக்காவின் மூன்றாம் ஓலையில் சொன்னார்கள்.

காரணம் நான்தான். ஐந்தாவதோடு படிப்பு நின்று, தருமபுரியில் ஒரு புளி மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. ஒருநாள் புது வருஷக் காலண்டருக்குப் பெண் படம் வேண்டும் என்று முதலாளி ஸ்டூடியோக்காரரிடம் சொன்னார். லட்சணமான முகம் கிடைக்கவில்லை என்றார் அவர். “எங்க அக்கா நல்லா இருக்குமுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த மண்டியில் நானாக வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

பல்வலி என்று அப்பாவிடம் அக்காவையே பொய் சொல்லிவிட்டு வரச்சொல்லி, அவருக்குத் தெரியாமல் பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனேன். அம்மா அப்போதே இல்லை. ஸ்டூடியோ சுவரில் ஓர் அமெரிக்க நடிகையின் படம் ஒட்டியிருந்தது. முதலில் சோப்பு விளம்பரத்துக்கும் துணி விளம்பரத்துக்கும் நின்றவள், பிறகு சினிமாவில் பெரிய ஆளாகிவிட்டாள் என்றார் ஸ்டூடியோக்காரர். அவளைப் போலவே ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பைச் சாய்த்து, முகவாயைத் தூக்கி நிற்கச் சொன்னார். அக்கா முதல் தடவையிலேயே அப்படி நின்றாள். “பொறந்த ஊரு மாறிப்போச்சும்மா உனக்கு” என்றார். திரும்பும்போது, அந்த நடிகைக்கு எத்தனை வயதில் சினிமா கிடைத்தது என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

பூக்கூடையோடு ஒரு பெண் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். படம் வரைகிறவர் இரண்டு கைகளைக் கூட்டி, கிரீடம் வைத்து, தாமரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் யானைகளைப் போட்டுவிட்டார். அக்கா லட்சுமி ஆகிவிட்டாள். மாரண்டஹள்ளி வரை மண்டிக்குப் புளி போட்ட வீடுகளுக்கெல்லாம் அந்தக் காலண்டர் போனது. அமெரிக்கக்காரி போல இடுப்பைச் சாய்த்து நின்ற லட்சுமிக்குச் சூடம் காட்டினார்கள்.

மூன்றாம் ஓலையன்று மாப்பிள்ளையின் பெரியப்பா அந்தக் காலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். பிரித்துக் காட்டி, “இந்தம்மாவ எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மெழுகுவத்தி ஏத்தறதா, சூடம் காட்டறதா? சாமிதான் சொல்லணுங்க” என்றார். பெண்கள் பக்கம்கூடச் சிரிப்பு கேட்டது.

சாமியார் சிரிக்கவில்லை. யார் கூட்டிப்போய் இப்படிப் படம் எடுக்கவைத்தது என்று கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றிருந்தாலே போதும், ஏதோ விவரம் தெரியாத பையன் செய்த தப்பு என்று அங்கேயே முடிந்திருக்கும். நான் எழவில்லை. ஊரில் என்னைக் கூச்ச சுபாவம் என்பார்கள். கோழைத்தனத்துக்கு அது நல்ல பெயர்.

“யாரும் கூட்டிட்டுப் போவலைங்க சாமி. நானாத்தான் போனேன்” என்றாள் அக்கா.

கல்யாணம் நின்றது. அப்பா அவளோடு பேசுவதை விட்டார். நாலு மாதத்தில் அவள் மெட்ராஸ் வண்டி ஏறிவிட்டாள்.

பத்து வருஷம் கோடம்பாக்கத்தில் இருந்தாள். கதாநாயகிக்குப் பின்னால் குடம் தூக்கினாள், கல்யாணக் காட்சியில் தட்டு ஏந்தினாள். ஒரு துணிக்கடை விளம்பரத்துக்கு நின்றாள். அதில் சேலை தெரிந்தது, தலையை வெட்டிவிட்டார்கள். ஒரே ஒரு படத்தில் வசனம் இருந்தது: “அம்மா கூப்பிடறாங்க.” அதைக் கேட்க டூரிங் கொட்டகைக்கு மூன்று நாள் போனேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் அது என் அக்கா என்று சொல்லவில்லை.

அவள் எழுதிய கடிதங்களில் ஒரே கேள்விதான். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா? நீ சொல்லிவிட்டால் நான் வருகிறேன்.

அப்பா நெஞ்சுவலியில் படுத்ததும் மெட்ராஸ் போனேன். கதவைத் திறந்தவுடன், “சொல்லிட்டியாடா?” என்றாள்.

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“அழுதாரு.”

அன்றைக்கே கிளம்பிவிட்டாள். ரயிலில் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வீட்டில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். “தம்பி சொன்னப்புறம்தாம்ப்பா எனக்கு மனசு ஆறிச்சு” என்றாள்.

“அவன் என்ன சொன்னான்?” என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். “ஒண்ணுமில்லப்பா. உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னான்” என்றாள்.

“ஊருக்கெல்லாம் சாமியா நின்னவ, இங்க எதுக்கு வந்த?” என்று அப்பா கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பொம்மிடி ஸ்டேஷன்வரை அவள் பையை நான்தான் தூக்கிப்போனேன். வண்டி வந்ததும் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன் பிறகு கடிதமும் இல்லை.

அப்பா இன்னும் ஏழு மாதம் இருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வேளாவேளைக்கு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தேன்.