சாயம் போடாத நாற்பது மூட்டை

விதைக்காரருக்குப் பயம் என்பது இன்று நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. கடைக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லப் பயம். கூடப்பிறந்த அக்காவிடம் குரலை உயர்த்தப் பயம். கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவி ஆளை எடைபோட்டுவிட்டார். “ஏங்க, சாப்பாட்டுல உப்பே இல்ல. அதைச் சொல்லக்கூடவா பயம்?” என்று கேட்டதற்கு, “இல்லையே, நல்லாத்தான இருக்கு” என்று தட்டைக் காலி செய்த மனுஷன் அவர்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பயம்தான் அவரை மேலே ஏற்றிவிட்டது. அப்பாவின் ஒற்றைக் கதவு விதைக்கடை அவர் கையில் மூன்று கிடங்கும் ஒரு தொழிற்சாலையுமாக வளர்ந்தது. யார் எதிரே வந்தாலும் கும்பிடுவார். ஊர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது. விவசாயிகள் சங்கத்தில் இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டபோது, இரண்டு பக்கமும் தலையாட்டிய ஒரே ஆள் இவர்தான் என்று இவரையே தலைவராக்கினார்கள். சங்கத்திலிருந்து கட்சி அலேக்காகத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு தடவை சட்டமன்றத்துக்குப் போய் வந்தாகிவிட்டது. மூன்றாவது தேர்தலுக்கு ஆறு வாரம் இருந்தது. ஜெயித்தால் விவசாய மந்திரி இவர்தான் என்று கட்சி ஆபீசில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். மேடையில் கால் நடுங்குவது தெரியாமலிருக்க மேஜைக்குப் பின்னால்தான் நிற்பார் என்பது மட்டும் மனைவி ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆறு கரையை உடைத்துக்கொண்டது.

மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஜனங்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் பாய் கொடுக்கப் போகிறார் என்று காதில் விழுந்ததும் விதைக்காரர் கிடங்குக்குப் போன் போட்டார். கோழித்தீவனத்துக்கு வாங்கி வைத்த நல்ல மக்காச்சோளம் முதல் கிடங்கில் கிடந்தது. அது மனதில் இருந்ததால், “நம்மகிட்ட இருக்கற சோளத்தை எல்லாம் முகாமுக்கு ஏத்து, உடனே” என்றார். எந்தச் சோளம் என்று சொல்லவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கிடங்குக்காரர் கூப்பிட்டார்.

“ஐயா, நேத்து நாப்பது மூட்டை போய்ச் சேந்துடுச்சு. முதல் கிடங்குல தண்ணி நின்னுச்சு, பூட்டைத் திறக்க முடியல. மூணாவதுல இருந்ததை அனுப்பிட்டேன். பை எல்லாம் நனைஞ்சு கிழிஞ்சிருந்துச்சு, வேற வெறும் பையில மாத்தித்தான் குடுத்தேன். தங்கமாட்டம் சோளம் ஐயா!”

“மூணாவதுல ஏதுய்யா சோளம்?” என்று கேட்கும்போதே விதைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அது விதைச் சோளம். மண்ணுக்குள் பூச்சி தின்றுவிடாமலிருக்க மருந்து ஏற்றிய விதை. மருந்து என்று மரியாதைக்குச் சொல்கிறோம், அது விஷம். யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாதே என்றுதான் உலகம் பூராவும் அதில் கண்ணைப் பறிக்கிற சிவப்புச் சாயத்தைக் கலக்கிறார்கள். போன பருவத்தில் அந்தச் சாயம் வந்து சேரவில்லை. வாசலில் விவசாயிகள் விதைக்கு நின்றார்கள். நாளைக்கு வாங்க என்று சொல்ல இவருக்கு வாய் வருமா? “சாயம் முளைக்கவா போகுது? மருந்தை மட்டும் ஏத்தி ஓட்டுங்க” என்றுவிட்டார். விதையில் மருந்து கலக்கும் உருளையை ஓட்டுகிறவர் மட்டும், “ஐயா, அது அழகுக்குப் போடறது இல்ல. பாத்ததும் நாலு பேர் பயப்படணும்னு போடறது” என்றார். அவருக்கும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினார். அதில் விற்காமல் திரும்பிய நாற்பது மூட்டை, பையில் மட்டும் எச்சரிக்கை அச்சடித்து, மூன்றாவது கிடங்கில் கிடந்தது. இப்போது அந்தப் பையும் இல்லை.

கை கழுவக்கூடத் தோன்றவில்லை. முகாமில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. காரில் போகும்போதும் விடாமல் போட்டுப் பார்த்தார். ஐயோ, கொதித்திருக்குமோ? பந்தியில் உட்கார்ந்திருப்பார்களோ? முன்சீட்டிலிருந்த உதவியாளரிடம் விஷயத்தை ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

“பதறாதீங்க ஐயா” என்றார் உதவியாளர். பதினோரு வருஷமாக இவர் வாயாக இருக்கிறவர். “பூஞ்சை புடிச்சுப்போச்சு, மாத்தித் தர்றோம்னு சொல்லுவோம். பூசி மெழுகிடலாம். விஷம்னு ஒரு வார்த்தை வெளிய வந்துச்சு, நாம அம்போதான்.”

விதைக்காரர் தலையாட்டினார். வேறு என்ன செய்யத் தெரியும் அவருக்கு?

நல்லவேளை, முகாமில் அப்போதுதான் அண்டாவை அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். முந்தின நாள் பூராவும் ரொட்டி ஓடியிருக்கிறது. அண்டாவைக் கவிழ்த்தார்கள், பிரித்த ஒன்றோடு சேர்த்து முப்பத்தாறு மூட்டை ஒரு வகுப்பறைக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. விதைக்காரருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி நாலு மூட்டை எங்கே என்று கேட்டார்.

“பின்தெருவுல மாடியில தங்கிட்டாங்களே, அந்த வீடுகளுக்கு நேத்து சாயங்காலமே படி போட்டுக் குடுத்துட்டோமே” என்றார் பொறுப்பாளர், பெருமையாக.

உதவியாளர் மைக்கைப் பிடித்தார். “சோளத்துல லேசா பூஞ்சை இருக்கு. கொண்டாந்து குடுத்துட்டு வேற வாங்கிக்கங்க!” ஒலிபெருக்கி பின்தெரு வரைக்கும் கத்தியது. விதைக்காரர் பள்ளிக்கூட மதிலோரம் நின்று கீழே எட்டிப் பார்த்தார். எதிர் மாடியில் ஒரு பெரியவர் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சோளத்தை ஒரு வாளியில் கொட்டி எடுத்துவந்து, தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.

“பெரியவரே, கொண்டாந்து குடுங்க, மாத்தித் தர்றோம்!” என்று கத்தினார் விதைக்காரர்.

“பூஞ்சைதானய்யா? நாங்க பாக்காத பூஞ்சையா! நாலு தண்ணி விட்டுக் கழுவினா போச்சு” என்று சிரித்தார் அவர். “இடுப்பளவு தண்ணியில இதைத் தூக்கிட்டு எவன் வர்றது?”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் விதைக்காரருக்கு உறைத்தது. தெரு நெடுக இதேதானே நடந்துகொண்டிருக்கும்! அவர் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், வேட்டி தடுக்க ஓடிப்போய், உதவியாளர் கையிலிருந்து மைக்கைப் பறித்தார். அங்கே மறைந்து நிற்க ஒரு மேஜையும் இல்லை. கால் நடுங்கியதை மொத்த முகாமும் பார்த்தது.

“அது பூஞ்சை இல்ல. விஷம். என் கம்பெனி விதை. கழுவினா போகாது, வேகவெச்சா போகாது. சாயம் போட வேண்டாம்னு நான்தான் சொன்னேன், நான்தான் அனுப்பினேன். யாரும் தொடாதீங்க. யாராவது சாப்பிட்டிருந்தா என்கிட்ட ஓடி வாங்க. கும்பிட்டுக் கேக்கறேன், ஓடி வாங்க!”

யாரோ ஒரு செருப்பை விட்டெறிந்தார்கள். அது அவர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. எதிர் மாடிப் பெரியவர் வாளியை அப்படியே விட்டுவிட்டு, கையை வேட்டியில் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தோளில் ஐந்து வயது மகள். குழந்தையின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. “காலையில பசிக்குதுன்னு அழுதா. ராத்திரி ஊறப்போட்டு அவிச்சதை ஒரு பிடி குடுத்தேன். நான் இன்னும் சாப்பிடல. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா. ஐயா, என்ன குடுத்தீங்க எங்களுக்கு? சொல்லுங்க, என்ன குடுத்தீங்க?”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டார். மருந்தின் பெயரையும், ஒரு மூட்டைக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதையும் விதைக்காரர் திக்கித் திணறிச் சொன்னார். ஊசி உடனே ஏறியது. “பூஞ்சைன்னு சொல்லியிருந்தீங்கன்னா வாந்திக்கு மருந்து குடுத்து அனுப்பியிருப்பேன்” என்றார் டாக்டரம்மா.

கட்சித் தலைவர் போனில் கூப்பிட்டார். “உன் வாயை ஒருத்தனும் தைக்கலையாய்யா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வேட்பாளர் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று, மந்திரிப் பதவி போயிற்று. ஆனால் விதைக்காரருக்கு அன்று அதற்கெல்லாம் பயப்பட இடமில்லை. அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி வந்து பக்கத்தில் நின்றார்.

மறுநாள் காலை குழந்தை கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றது. கஞ்சி கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. கதவோரம் நின்ற விதைக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தாய் கிண்ணத்தை வாங்கினாள். கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே வந்து, கிண்ணத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

“நீங்க முதல்ல குடிங்க.”

அது ஆஸ்பத்திரிக் கஞ்சி, வேறு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் பயந்து பயந்துதான் வாங்கினார். நாலு கரண்டி குடித்தார். அவள் அவர் கண்ணையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள்.

“அம்மா, பசிக்குதும்மா” என்று குழந்தை உள்ளேயிருந்து சிணுங்கியது.

“இரு கண்ணு” என்றாள் தாய், அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல். “இவருக்கு ஒண்ணும் ஆகலன்னா குடிக்கலாம்.”